மார்ச் 14 பௌர்ணமிக்கு ஹோப்டேல் போகலாம் என்று நாள் குறித்தவர் யார்?

ஓதக்கணக்கு:
நேற்றுக் கோடியக்கரையான் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். லூசியானாவின் ஹோப்டேல் சதுப்புக்குப் புள்ளி டிரவுட் மீன் பிடிக்க வசந்தகாலப் பயணமாம். நாள், 2025 மார்ச் 14, 15. காரணம், அவர் வார்த்தையிலேயே: "14 பௌர்ணமி. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நீர் ஓடும், நீர் ஓடினால் மீன் கடிக்கும். வேறு கணக்கு வேண்டாம்." அதற்குள் 11 பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். படகுக்கு முன்பணமும் கட்டப்போகிறார்களாம்.

இதே வாக்கை நம்பித்தான் 2024 மார்ச் 10 அமாவாசைக்கு நான் போனேன். ஹோப்டேல் வழியே போகும் பாயூ லா லூட்டர் என்ற நீரோடையில் ஒரு சிற்றோடை வாயில் காலை ஆறரை முதல் பிற்பகல் இரண்டு வரை உட்கார்ந்திருந்தோம். மிதவை போட்ட இடத்திலேயே நின்றது. கோயில் தெப்பக்குளத்தில் தூண்டில் போட்டிருந்தால் பொரியாவது மிதந்து வந்திருக்கும். நால்வருக்கு ஆறு மீன். அதில் நான்கு சட்டம் கேட்கும் 13 அங்குலத்தை எட்டாதவை, திருப்பி விட்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். மெக்சிகோ வளைகுடாவின் அந்தக் கரையில் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது, நாளுக்கு ஓர் ஏற்றம், ஒரு வற்றம். நம் ஊர்போல இரண்டிரண்டு கிடையாது. நாளுக்கு ஒருமுறை வரும் ஓதம் நிலா முழுதா பிறையா என்று பார்ப்பதில்லை. நிலநடுக்கோட்டிலிருந்து நிலா எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே விலகி நிற்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. விலகல் உச்சத்தில் இருந்தால் ஓர் அடி, ஒன்றரை அடி நீர் ஏறி இறங்கும். நடுக்கோட்டுக்கு நேரே நின்றால் சில அங்குலம், அவ்வளவுதான். மார்ச்சில் சூரியன் நடுக்கோட்டை ஒட்டி நிற்கிறது. அமாவாசையில் நிலா சூரியன் பக்கம், பௌர்ணமியில் அதற்கு எதிரே. ஆகவே அப்போது அமாவாசையோ பௌர்ணமியோ வந்தால் நிலாவும் நடுக்கோட்டை ஒட்டித்தான் நிற்கும். மார்ச் மாதத்தில் அமாவாசை, பௌர்ணமி இரண்டும் ஹோப்டேலில் செத்த நீர். பட்டியலில் உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

கோடியக்கரையான்:
என் அப்பா 41 ஆண்டு கடலுக்குப் போனவர். நாட்காட்டியில் அமாவாசை பார்த்து வலை இறக்கினார். விலகல், பாகை எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் வீட்டில் ஒருநாளும் மீன் இல்லாமல் சோறு இறங்கியதில்லை.

2024 அமெரிக்க நினைவு நாள் விடுமுறை வார இறுதி, மே 25 சனிக்கிழமை. பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள். ஹோப்டேலில் படகு எடுத்து பிளாக் பே விரிகுடா வரை போனோம். இரண்டு பேர், 34 மீன். உயிர் இறால், இழுத்தால் சத்தம் எழுப்பும் பாப்பிங் கார்க் மிதவை, வேறொன்றும் இல்லை. ஐயா அமாவாசைக்குப் போய் ஆறு மீன் பிடித்தால் குற்றம் அமாவாசையுடையதா, ஐயாவின் கையுடையதா?

ஓதக்கணக்கு:
கையைப் பற்றிப் பிறகு பேசலாம். அப்பா வலை இறக்கியது பாக் நீரிணையிலும் வங்காள விரிகுடாவிலும். அங்கே நாளுக்கு இரண்டு ஏற்றம். அங்கே அமாவாசைக் கணக்கு சரி, நான் மறுக்கவே இல்லை. நிலா ஒன்றுதான், கடல் ஒன்றல்ல. பௌர்ணமியிலிருந்து அமாவாசைக்கு 14.77 நாள். நிலா வடக்கு உச்சத்திலிருந்து தெற்கு உச்சத்துக்குப் போக 13.66 நாள். இரண்டும் வேறு வேறு கடிகாரம். நீங்கள் ஊர்க் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்து இங்கே மணி சொல்கிறீர்கள்.

செம்பருத்தி:
ஒரு சந்தேகம். ஒருவர் மார்ச் 10 என்கிறார், இன்னொருவர் மே 25 என்கிறார். இரண்டையும் வசந்தம் என்றே சொல்கிறீர்கள். எந்த மாதத்தைப் பற்றிச் சண்டை?

கோடியக்கரையான்:
சதுப்பைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறார்கள்! முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் வாய்க்கால்களில் கொடுவா பிடித்து வளர்ந்தவன் நான். இவர் சதுப்பைப் பார்த்ததே வேலைக்கு வந்த பிறகு. அமாவாசை என்றால் அமாவாசைதான்.

தூண்டில்தாசன்:
தம்பிமாரே, நான் நியூ ஆர்லியன்ஸ் பக்கத்துச் சால்மெட்டில் 22 ஆண்டாக இருக்கிறேன். ஹோப்டேல் எனக்கு முக்கால் மணி நேரம். நீங்கள் இருவரும் வானத்தையே பார்க்கிறீர்கள். மார்ச்சில் தென்கிழக்குக் காற்று இரண்டு நாள் விடாமல் அடித்தால் நீர் சதுப்புக்குள் ஏறி நிற்கும், இறங்காது. மூன்றாம் நாள் வாடை திரும்பினால் ஒரே இரவில் வடிந்து படகு சேற்றில் உட்காரும். அட்டவணையில் எழுதியிருப்பது ஓர் அடி என்றால், காற்று அந்த ஓர் அடியை அப்படியே விழுங்கிவிடும். காற்றைப் பார்த்து நாள் வையுங்கள். அதுவும் மூன்று நாளுக்கு முன்புதான் தெரியும்.

இன்னொன்று. மார்ச்சில் மீன் இன்னும் உள் வாய்க்கால்களின் ஆழத்தில்தான் பாதி கிடக்கும். நீர் சூடேற ஏற வெளியே நகரும். ஏப்ரலில் முட்டையிடத் தொடங்கும். அதற்கு உப்பு நீர் வேண்டும், ஆகவே வெளி விரிகுடாக்களுக்குப் போய்விடும். மே மாதம் பழுப்பு இறால் சதுப்பிலிருந்து வெளியேறுகிற காலம். பறவைக் கூட்டத்தின் கீழே கண்ணை மூடிக்கொண்டு வீசினாலும் கடிக்கும். கோடியக்கரைத் தம்பிக்கு மே கடைசியில் மீன் விழுந்ததற்கு இறாலுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஓதக்கணக்கு:
அண்ணா, காற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் கேள்வி காற்று அல்ல. மார்ச் 14 அன்று ஓதம் உண்டா இல்லையா என்பது கேள்வி. மார்ச் 13 இரவு முழுச் சந்திர கிரகணம், அமெரிக்கா முழுவதும் தெரியும். கிரகணம் என்றால் நிலா சூரியனுக்கு நேர் எதிரே. சூரியன் அந்த வாரம் நடுக்கோட்டை ஒட்டி. அப்படியானால் நிலா? இதற்கு மேல் எளிதாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மாறாக மார்ச் 6 வளர்பிறை அரைநிலா. அன்று நிலா வடக்கே 28 பாகைக்கு மேல் ஏறி நிற்கும். 18.6 ஆண்டுக்கு ஒருமுறைதான் இவ்வளவு விலகும். இப்போது அந்தக் காலம். நீர் ஓடுவதை மார்ச் 7, 8இல் பாருங்கள். புல்வெளி வடிந்து சின்ன ஓடைகள் வாயில் இறாலையும் சிறு மீனையும் துப்பும், டிரவுட் வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

கோடியக்கரையான்:
அரைநிலாவுக்கு மீன் பிடிக்க நாள் குறித்த முதல் தமிழர் என்று ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். எங்கள் ஊரில் அஷ்டமி, நவமிக்கு வலையைக் காயப்போடுவார்கள்.

செம்பருத்தி:
ஓதக்கணக்கு ஐயா சொல்வது எனக்குப் புரிகிறது. மார்ச்சில் சூரியன் நடுவில், ஆகவே பௌர்ணமி நிலாவும் நடுவில். அப்படியென்றால் மே கடைசி, ஜூனில் சூரியன் வடக்கே போய்விடும். அப்போது அமாவாசை, பௌர்ணமி நிலாவும் உச்சத்தில்தானே நிற்கும்? கோடியக்கரை அண்ணனுக்கு நீர் ஓடியிருக்கத்தானே வேண்டும்?

ஓதக்கணக்கு:
அது வேறு கேள்வி.

கால்வெஸ்டன்வாசி:
ஹூஸ்டனில் இருக்கிற நீங்கள் எதற்காக ஆறு ஏழு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு லூசியானா போகிறீர்கள்? நம் கால்வெஸ்டன் விரிகுடாவில் இதே மீன்தான், இன்னும் பெரிதாக.

கோடியக்கரையான்:
டெக்சஸில் 2024 மார்ச்சிலிருந்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 மீன்தான். மூன்றே மூன்று. வீட்டில் நான்கு பேர் இருந்தால் ஒருவர் ரசம்தான். 2021 பிப்ரவரிக் குளிரில் உங்கள் கரையில் 38 லட்சம் மீன் செத்ததை மறந்துவிட்டீர்களா? அதன் பிறகும் பெருமை.

கால்வெஸ்டன்வாசி:
அந்தக் குளிருக்குப் பிறகு கட்டுப்பாடு வைத்ததால்தான் இப்போது மீன் இருக்கிறது. உங்கள் லூசியானாவே 2023இல் நாள் வரம்பை 25 மீனிலிருந்து 15 ஆக்கியது ஏன் என்று யோசியுங்கள்.

ஓதக்கணக்கு:
நல்ல நினைவூட்டல். 2023 நவம்பர் 20 முதல் லூசியானாவில் ஆளுக்கு நாளுக்கு 15. நீளம் 13 முதல் 20 அங்குலம். 20ஐத் தாண்டியதில் இரண்டுதான் வைத்துக்கொள்ளலாம். கோடியக்கரையான் எழுதியதை மறுபடி படியுங்கள். 2024 மே 25. இரண்டு பேர். 34 மீன். எனக்குத் தெரிந்த வகுத்தலில் ஆளுக்கு 17 வருகிறது. அமாவாசைக் கணக்கில் எவ்வளவு வரும் என்று அவரே சொல்லட்டும்.

கோடியக்கரையான்:
மூன்று பேர். மைத்துனர் மகனும் வந்திருந்தான். சின்னப் பையன் என்பதால் எண்ணாமல் விட்டேன்.

ஐஸ்பெட்டி:
நான் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன். அந்த இரண்டாம் ஆள் நான்தான். மைத்துனர் மகன் அன்று காய்ச்சலில் விடுதி அறையில் படுத்திருந்தான். ஒவ்வொரு மீனையும் எண்ணி ஐஸில் அடுக்கியவன் நான். 27. ஐஸுக்கு நான் கொடுத்த 18 டாலரில் பாதி இன்னும் வரவில்லை என்பதையும் இந்த நேரத்தில் சொல்லிவைக்கிறேன்.

கோடியக்கரையான்:
9 டாலருக்காக 7 மீனைக் கொன்றுவிட்டார். ஊருக்குத் தெரியட்டும்.

ஐஸ்பெட்டி:
ஐஸ் இல்லாவிட்டால் அந்த 27உம் கூழ். இது வஞ்சிரம் இல்லை. மென்சதை மீன், பிடித்த அரை மணியில் ஐஸ் காணாவிட்டால் கத்தி வைக்கும்போதே குழையும். உங்கள் வீட்டில் குழம்பு வைத்து மறுநாள் கரண்டியால் மீனைத் தேடினீர்களே, நினைவிருக்கிறதா?

செம்பருத்தி:
குழம்புக்கு ஆகாது, உண்மைதான். அரிசி மாவு தூவிப் பொரிக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒருமுறை முதுகுச் சதையில் வெள்ளை நூல் போல ஒரு புழு வந்தது. அதோடு வீட்டுக்காரர் டிரவுட் சாப்பிடுவதை விட்டுவிட்டார்.

தூண்டில்தாசன்:
அம்மா, அது சுறாவின் வயிற்றில் போய் முதிரும் நாடாப்புழுவின் இளம்பருவம். மனிதருக்குத் தொற்றாது. எடுத்துப் போட்டுவிட்டுப் பொரிக்கலாம். நான் பல ஆண்டாக அப்படித்தான் செய்கிறேன்.

கால்வெஸ்டன்வாசி:
டிரவுட் டிரவுட் என்கிறீர்களே, அது டிரவுட்டே இல்லை. நம் ஊர்ப் பன்னா, கத்தாளைக் குடும்பம். மேல்தாடையில் இரண்டு கோரைப்பல் இருக்கும், முட்டையிடும் காலத்தில் மாலையில் ஆண்மீன் காற்றுப்பையைத் தட்டி ஒலி எழுப்பும். புள்ளிப் பன்னா என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

கோடியக்கரையான்:
பன்னா பிடிக்க எந்த மீனவனும் அரைநிலாவுக்குப் போகமாட்டான். பார்த்தீர்களா, மீனும் நம் பக்கம்.

ஓதக்கணக்கு:
பெயரை எது வேண்டுமானாலும் வையுங்கள். புழு, ஐஸ், குழம்பு எல்லாம் பேசிவிட்டோம். மார்ச் 14 ஓதத்தைப் பற்றி ஒரு வரி பதில் வரவில்லை. நான் சொன்னது தவறு என்றால் ஹோப்டேலுக்குப் பக்கத்து ஷெல் பீச்சின் அன்றைய ஓத அட்டவணையை எடுத்துப் போடுங்கள், 7ஆம் தேதியுடையதைப் பக்கத்தில் வையுங்கள், கோட்டின் உயரத்தைப் பாருங்கள். படிக்கத் தெரிந்த எவரும் பார்க்கலாம். 34ஐ 27 ஆக்கியவர்களுக்கு ஒன்றரை அடியைச் சில அங்குலமாகப் பார்ப்பது கடினமாக இருக்காது.

தூண்டில்தாசன்:
அட்டவணை, அட்டவணை! 2019இல் மிசிசிப்பி ஆற்று வெள்ளத்தைத் திருப்பிவிடும் பானே காரே மதகை ஒரே ஆண்டில் இரண்டு முறை திறந்தார்கள், மொத்தம் 123 நாள். ஆற்றுத் தண்ணீர் பான்ட்சர்ட்ரெய்ன் ஏரி வழியாக ஹோப்டேலுக்கு அருகே உள்ள லேக் போர்ன் பக்கம் வரை வந்து உப்பையே கழுவிவிட்டது. அந்த வசந்தத்தில் எந்த அட்டவணையும் யாருக்கும் ஒரு மீனைத் தரவில்லை. ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று உங்களில் ஒருவராவது பார்த்தீர்களா?

ஓதக்கணக்கு:
பார்க்கலாம் அண்ணா. முதலில் கோடியக்கரையான் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். மார்ச் 14 பௌர்ணமி அன்று நிலா எங்கே நிற்கும்?

கோடியக்கரையான்:
வானத்தில்.

செம்பருத்தி:
நான் கேட்ட ஜூன் கேள்வியை யாரும் கண்டுகொள்ளவே இல்லை.

ஓதக்கணக்கு:
மார்ச் 8 சனிக்கிழமைக்குத் தனிப் பட்டியல் தொடங்குகிறேன். ஒரு படகு, நான்கு இடம். இப்போதைக்கு நான் மட்டும். வருகிறவர்கள் அமாவாசை, பௌர்ணமி என்ற சொற்களைப் படகில் உச்சரிக்கக்கூடாது.

ஐஸ்பெட்டி:
என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐஸ் காசு முன்கூட்டியே.

கோடியக்கரையான்:
14ஆம் தேதிப் பட்டியல் இப்போது 10. ஐஸ்பெட்டியின் இடம் காலி. அரைநிலாவுக்குப் போகிறவர்கள் வரும்போது கடையில் மீன் வாங்கி வரவும், பையில் விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.

தூண்டில்தாசன்:
5ஆம் தேதி காற்று பார்த்துச் சொல்கிறேன். 12ஆம் தேதியும் பார்த்துச் சொல்கிறேன். கேட்கமாட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன்.