ஜிடி7: மெனு புக் முடிஞ்சாச்சு. கிரெடிட் சேர்க்க எந்த ரேஸ்? சுப்ராவை 600 பிபிக்கு எப்படி இறக்குறது?

பின்சீட்_டிரைவர்:

கிரான் டூரிஸ்மோ 7 கார் ரேஸ் கேம், பிஎஸ்5ல. கேமோட கஃபேல வர்ற 39 மெனு புக்கும் (வரிசையா தர்ற சவால்கள்) முடிச்சாச்சு. கையில சுமார் 6 லட்சம் கிரெடிட் (கேம் காசு) இருக்கு. லெஜண்ட் கார்ஸ் (அபூர்வ கார் விக்கிற கடை) பக்கம் எட்டிப் பார்த்தா நிறைய கார் கோடிக் கணக்கு. மூணு சந்தேகம்.

எந்த ரேஸைத் திரும்பத் திரும்ப ஓட்டினா செலவழிக்கிற நேரத்துக்குக் கட்டுப்படியாகும்?

டோக்கியோ எக்ஸ்பிரஸ்வே 600 பிபி (பிபின்னா காரோட திறன் மதிப்பெண்) ரேஸுக்காக ஜிஆர் சுப்ராவுக்கு டர்போ, ரேசிங் சாஃப்ட் டயர், எடைக்குறைப்பு மூணு ஸ்டேஜ் எல்லாம் போட்டாச்சு. இப்ப பிபி எகிறி நிக்குது. 200 கிலோ பேலஸ்ட் (கூடுதல் எடை) வச்சும் 600க்குள்ள வரல, வண்டியும் திரும்ப மாட்டேங்குது.

அதே ரேஸை வேற கார்ல ஜெயிச்சப்ப 5,50,000தான் வந்துச்சு. எல்லாரும் 8,25,000ன்னு சொல்றாங்களே, அது எப்படி?

கெர்ப்_கட்டர்:

கடைசிக் கேள்விதான் முக்கியம், அதிலிருந்து வரேன். 5,50,000 அடிப்படைப் பரிசு. அது மேல 50 சதவீதம் கிளீன் ரேஸ் போனஸ் சேர்ந்தாத்தான் 8,25,000. அடுத்த வண்டியை பலமா இடிச்சாலோ, சுவர்ல மோதினாலோ போனஸ் காலி. லேசா உரசினா பொதுவா விட்டுடும். பின்னாடி இருந்து ஏஐ வண்டி வந்து இடிச்சாலும் சில சமயம் போயிடும், அதனால வளைவுக்கு முன்னாடி திடீர்னு பிரேக் அடிக்காதீங்க. போனஸ் போச்சுன்னு ரேஸ் நடுவுல திரை எதுவும் சொல்லாது. முடிவுப் பட்டியல்லதான் தெரியும். ஆரம்பத்திலேயே பலமா இடிச்சுட்டீங்கன்னா யோசிக்காம ரீஸ்டார்ட் பண்ணுங்க.

எதிராளி கஷ்ட அளவை ஈஸியில வச்சாலும் பரிசுத் தொகை மாறாது. காசுக்காக ஓட்டுறவங்க ஹார்ட்ல வச்சு மல்லுக்கட்டறதுல அர்த்தமே இல்ல.

இப்ப கணக்கு. போனஸோட சேர்த்துத்தான் சொல்றேன். டோக்கியோ 600 பிபி 12 லேப், சுமார் 25 நிமிஷம், 8,25,000. நிமிஷத்துக்கு 33,000. லெ மான் 700 பிபியும் 8,25,000தான். ஆனா 30 நிமிஷம் முடிஞ்ச பிறகும் ஓடிட்டிருக்கிற லேப்பை முடிக்கணும், அந்த டிராக்ல ஒரு லேப்பே மூணு நிமிஷத்துக்கு மேல. அதனால நிமிஷத்துக்கு 25,000 பக்கம் இறங்கிடும். சார்டீனியா 800 பிபி 15 லேப் 6,60,000, அதுவும் கிட்டத்தட்ட அதே விகிதம். ஸ்பா ஒரு மணி நேர ரேஸ் 15 லட்சம், சரியா 25,000. டோக்கியோதான் முன்னாடி நிக்குது, ஆனா ரெண்டு பக்கமும் சுவர். போனஸ் போனா நிமிஷத்துக்கு 22,000 ஆயிடும், அப்ப மத்த மூணுமே மேல்.

ரெஸ்ட்ரிக்டர்_70:

சுப்ரா விஷயத்துக்கு வருகிறேன். காசு கொடுத்து எடையைக் குறைத்துவிட்டு, அதே எடையை பேலஸ்டாகத் திரும்ப ஏற்றியிருக்கிறீர்கள். வளைவில் வேகம் போகும், டயர் சீக்கிரம் தேயும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். முதலில் பேலஸ்டை பூஜ்யமாக்குங்கள்.

அடுத்து டயர். மாட்டியிருக்கும் டயரும் பிபி கணக்கில் சேரும். ரேசிங் சாஃப்டை எடுத்துவிட்டு ரேசிங் ஹார்ட் போட்டாலே பிபி இறங்கும், ஆயுளும் கூடும். 12 லேப் ரேஸில் சாஃப்ட் வீண்.

பிறகு டர்போ. ஹை ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) டர்போ உச்சத்தில்தான் சக்தி தரும், பிபியையும் அந்த உச்சம்தான் ஏற்றிவிடும். லோ ஆர்பிஎம் அல்லது மீடியம் போதும். அதற்கு மேலும் அதிகமாக இருந்தால் பவர் ரெஸ்ட்ரிக்டர் (இன்ஜின் சக்தியைக் கட்டுப்படுத்தும் பாகம்). முழுதாக மாற்றக்கூடிய இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லா ஆர்பிஎம்மிலும் ஒரே விகிதத்தில் சக்தியைக் குறைக்கும். ரெஸ்ட்ரிக்டர் மேல்பகுதியை மட்டும் வெட்டும், நடு ஆர்பிஎம் டார்க் தங்கிவிடும். அதனால் ரெஸ்ட்ரிக்டரை முதலில் இறக்குங்கள், மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பிபியைத் திரும்ப அளக்க வேண்டும், இல்லையென்றால் பழைய எண்ணையே நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

இனி எந்தக் கார் வாங்கினாலும் முதல் செலவு டயர், சஸ்பென்ஷன், எல்எஸ்டி (சக்கரங்களுக்கு சக்தியைப் பங்கிடும் பாகம்), முழுதாக மாற்றக்கூடிய கியர்பாக்ஸ் என்று போகட்டும். டயரைத் தவிர மற்றவற்றால் பிபி பெரிதாக ஏறாது, லேப் நேரம் மட்டும் நன்றாகக் குறையும். சக்தி கடைசியில்தான்.

எடைக்குறைப்பு, இன்ஜினில் செய்யும் போர் அப், ஸ்ட்ரோக் அப், போர்ட் பாலிஷ், ஹை லிஃப்ட் கேம்: இவற்றை ஒருமுறை போட்டால் கழற்ற முடியாது. டர்போ, எக்ஸாஸ்ட் மாதிரி கழற்றி மாட்டக்கூடியவற்றை வைத்து 600க்கு ஒன்று, 700க்கு ஒன்று என்று தனித்தனி செட்டிங் ஷீட் சேமித்தால் ஒரே சுப்ரா இரண்டு ரேஸுக்கும் உதவும். நிரந்தர பாகங்களை அடுக்கிக்கொண்டே போனால் 600க்குள் அடக்குவது கஷ்டமாகிவிடும்.

மஞ்சள்_கொடி:

டோக்கியோவை மட்டும் பிடிச்சுத் தொங்குறதை நான் ஒத்துக்க மாட்டேன். இப்பதான் மெனு புக் முடிச்சவருக்கு சார்டீனியாதான் சரி. மழை கிடையாது, டிராக்கை விட்டு லேசா விலகினாலும் உடனே சுவர் வராது. லெ மான்ல மழை வரும், வராமலும் போகும். இன்டர்மீடியட், வெட் (ரெண்டும் ஈரத்துக்கான டயர்) ரெண்டையும் முன்கூட்டியே டியூனிங் ஷாப்ல வாங்கி வச்சிருக்கணும். வாங்காத டயரை பிட்ல (ரேஸ் நடுவுல டயர், பெட்ரோலுக்கு நிக்கிற இடம்) மாட்ட முடியாது. ரேடார்ல மேகம் எந்தப் பக்கம் நகருதுன்னு பார்த்துக்கிட்டே ஓட்டுங்க.

அதுக்கும் முன்னாடி, ஒரு தடவை மட்டும் கிடைக்கிற காசை முதல்ல எடுங்க. 2022 மார்ச்ல 1.07 அப்டேட் பரிசுகளைக் குறைச்சு, பெரிய ரகளையாகி, எல்லாருக்கும் 10 லட்சம் கொடுத்து சமாதானம் பண்ணாங்க. அடுத்த மாசம் வந்த 1.11ல மிஷன்ஸ்ல 'தி ஹியூமன் காமெடி'ன்னு ஒரு மணி நேர ரேஸ்கள் சேர்ந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் 12 லட்சம் வரைக்கும். சர்க்யூட் எக்ஸ்பீரியன்ஸ் (டிராக்கைத் துண்டு துண்டா ஓட்டிப் பழகுற சவால்) பரிசும் அப்பதான் ஏறுச்சு. அதுல தங்கம் எடுக்கப் பழகினா டிராக்கும் மனப்பாடம் ஆயிடும், சுவர்ல மோதறது தானா குறையும்.

வாராவாரம் வர்ற வீக்லி சேலஞ்ச் அஞ்சு ரேஸையும் விடாதீங்க. தினம் 42 கிலோமீட்டர் ஓட்டினா ரூலெட் டிக்கெட் (குலுக்கல் பரிசுச் சீட்டு) கிடைக்கும், ஆனா அதை நம்பி பட்ஜெட் போடக் கூடாது. ஒரே மாடல் ரெண்டு இருந்தா ஒண்ணை வித்துடலாம். வாங்கின விலை முழுசா திரும்பி வராது.

பின்சீட்_டிரைவர்:

ரேசிங் ஹார்ட், மீடியம் டர்போ, ரெஸ்ட்ரிக்டர் போட்டு 599.8ல நிக்குது. நன்றி. ஆனா டோக்கியோல பெட்ரோல் பாதியிலேயே தீர்ந்துடுது. டேங்க் ஃபுல் பண்ணினா பிட்லயே ரொம்ப நேரம் போயிடுது.

கெர்ப்_கட்டர்:

ஃபுல் பண்ணவே வேண்டாம். ஃபியூயல் மேப் (பெட்ரோல் செலவு செட்டிங்) 1ல முழு சக்தி, 6ல சிக்கனம். முன்னாடி இருக்கிற வண்டிகளைத் தாண்டற வரை 1, வழி காலியானதும் 3 இல்ல 4. ரெட்லைன் வரை இழுக்காம கொஞ்சம் முன்னாடியே கியரை மாத்துங்க, இதுலேயே நிறைய மிச்சமாகும். முன்னாடி ஓடுற வண்டியோட ஸ்லிப்ஸ்ட்ரீம்ல (காத்துத் தடை குறையுற இடம்) இருக்கிறப்ப மேப் எண்ணை இன்னும் ஏத்திக்கலாம்.

பிட்ல எவ்வளவு ஊத்தணும்னு கணக்கு: ஒரு லேப்புக்கு 12 போகுது, இன்னும் 5 லேப் பாக்கின்னா 60, கூட ஒரு 5. மீட்டர் 65 காட்டினதும் நிறுத்திட்டுக் கிளம்புங்க. டயர் நல்லா இருந்தா அதைத் தொடாதீங்க.

ரெஸ்ட்ரிக்டர்_70:

599.8 என்பது ஆபத்தான எண். ஓட ஓட ஆயில் கெட்டு சக்தி குறையும், பிபியும் அதோடு சேர்ந்து இறங்கும். ஜிடி ஆட்டோ சர்வீஸ் கடையில் ஆயில் மாற்றிய மறுகணம் இரண்டும் ஏறி, 600ஐத் தாண்டிவிட்டதென்று ரேஸுக்குள் விடாது. ஆயிலை முதலில் மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு ரெஸ்ட்ரிக்டரை இறக்கி 598 அளவில் சேமித்து வையுங்கள். பெரிய அப்டேட் வந்தாலும் இதே கதைதான். 2024 ஜூலையில் 1.49 இயற்பியலை மாற்றியபோது பல கார்களின் பிபி மாறியது. அப்டேட்டுக்குப் பிறகு பழைய ஷீட்டை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு ரேஸுக்குப் போங்கள்.