அம்மாவுக்கு இடுப்பு மூட்டுப் பந்தையே மாற்றணுமாம், சித்தப்பா பையனுக்கு மூன்று ஸ்க்ரூ மட்டும் போட்டார்கள். ஏன்?

கொளத்தூர்வாசி:
சனிக்கிழமை விடியற்காலை அம்மா வாசல் தெளித்துவிட்டுத் திரும்பும்போது ஈரப்படியில் வழுக்கி விழுந்துவிட்டார். வயது 76. எழுந்திருக்கவே முடியவில்லை, வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி, அதாவது மூட்டுப் பந்துக்குக் கீழே குறுகலாக இருக்கும் இடம், உடைந்து விலகியிருக்கிறது. பந்தை எடுத்துவிட்டு பைபோலார் என்ற செயற்கைப் பந்து வைக்கணும், நாளைக்கே செய்யலாம் என்கிறார் டாக்டர். போன வருடம் சித்தப்பா பையன் ஈசிஆரில் பைக்கிலிருந்து விழுந்தபோதும் இதே இடம்தான் உடைந்து விலகியது, அவனுக்கு 31 வயது, ராத்திரி 2 மணிக்கு தியேட்டருக்குள் கொண்டுபோய் மூன்று ஸ்க்ரூ போட்டு முடித்துவிட்டார்கள். அம்மாவுக்கு மட்டும் ஏன் பந்தையே எடுக்கணும்? எல்லாம் காசு பிடுங்கும் வேலை என்கிறார் மச்சான். பெரியப்பா புத்தூர் கட்டு போட்டால் சரியாகிவிடும் என்று காரோடு வந்து நிற்கிறார். அம்மா ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறார், அதனால் ஐந்து நாள் பொறுக்கலாமா என்றும் ஒரு பேச்சு ஓடுகிறது.

ஆர்த்தோ பிஜி:
முதலில் பெரியப்பாவின் காரைத் திருப்பி அனுப்புங்கள். மணிக்கட்டை மூங்கில் பட்டை வைத்து இறுக்கலாம், இடுப்பு மூட்டு அவ்வளவு சதைக்கு உள்ளே இருக்கிறது, வெளியிலிருந்து எந்தக் கட்டும் அதைப் பிடித்து நிறுத்தாது.

பந்துக்குப் போகும் ரத்தத்தில் பெரும்பங்கு அந்தக் கழுத்தை ஒட்டி ஏறும் மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் போகிறது. எலும்பு உடைந்து விலகினால் அவையும் கிழிந்துபோகலாம், பந்து ரத்தமில்லாமல் மெல்ல மெல்ல நொறுங்கலாம். உங்கள் தம்பிக்கும் இந்த ஆபத்து இருந்தது, அதனால்தான் விடியும்வரைகூடக் காத்திருக்காமல் சீக்கிரம் நேராக்கிப் பொருத்தினார்கள். அவர் வயதில் செயற்கை மூட்டு வைத்தால் அது தேயும், ஆயுளில் ஒரு முறையாவது மாற்ற வேண்டிவரும். சொந்தப் பந்து பிழைக்குமா என்று பார்ப்பதுதான் அவருக்கு லாபம், எலும்பும் கெட்டி, ஸ்க்ரூ பிடித்துக்கொள்ளும். (அவருக்குக் கவட்டையில் வலி வந்தால் அலட்சியம் வேண்டாம், இரண்டு வருடம் வரைக்கும் எக்ஸ்ரே பார்க்கச் சொல்லுங்கள்.)

அம்மாவின் எலும்பு ஊறின பிஸ்கட் மாதிரி. விலகின முறிவுக்கு ஸ்க்ரூ போட்டால் இந்த வயதில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்படுகிறது. பைபோலார் என்றால் ஒரே ஆபரேஷன், மறுநாளே முழு எடையும் ஊன்றி நிற்கலாம். மச்சானிடம் சொல்லுங்கள், இதில் யாரும் ஏமாற்றவில்லை. நிறைய நடமாடுகிற, புத்தி தெளிவாக இருக்கிற பெரியவர்களுக்குக் பந்து உட்காரும் இடுப்பெலும்புக் கிண்ணத்தையும் சேர்த்து முழு மூட்டும் மாற்றுவதுண்டு, அது உங்கள் டாக்டரிடம் கேட்கலாம். செயற்கைப் பந்தை எலும்போடு பிடிக்கவைக்கும் சிமென்ட் வைப்பாரா என்றும் கேளுங்கள், பெரியவர்களுக்கு சிமென்ட் வைத்ததுதான் நன்றாக நிற்கிறது.

குளோபிடோக்ரெலுக்காகப் பொதுவாக நாள் கடத்துவதில்லை. ரத்தக் கசிவுக்குப் பயந்து முதுகில் ஊசி போடாமல் முழு மயக்கம் கொடுப்பார்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் வைத்த டாக்டர் சொல்லட்டும்.

அம்பத்தூர் அப்பா:
எனக்கு 70 வயதில் விழுந்தபோது ஸ்க்ரூதான் போட்டார்கள், இன்றைக்கும் காலையில் பால் வாங்க நானேதான் போகிறேன். வயசானால் பந்தை மாற்றியே ஆகணும் என்று சொல்லாதீர்கள்.

ஆர்த்தோ பிஜி:
ஐயா, உங்களுடையது விலகாமல் ஒன்றோடொன்று சொருகி நின்ற முறிவாக இருந்திருக்கும். அதற்கு எந்த வயதிலும் ஸ்க்ரூ போடலாம். விலகினதா இல்லையா என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

வேளச்சேரி மருமகள்:
என் மாமியாருக்கு தொடை எலும்பில் அந்தக் கழுத்துக்குக் கீழே உடைந்தது, அங்கே ரத்த ஓட்டத்துக்குப் பிரச்சினை இல்லை என்று எலும்புக்குள் நீளமாக ராடு வைத்தார்கள், பந்தைத் தொடவே இல்லை. நான் சொல்ல வந்தது வேறு. எக்கோ எடுக்கணும், சுகர் குறையணும், ஃபிட்னஸ் வரணும் என்று ஒரு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் காலில் எடையைத் தொங்கவிட்டுப் படுக்கவைத்தார்கள். நாங்களும் பெரிய டாக்டர் சொன்னால் சரிதானே என்று இருந்துவிட்டோம். ஐந்தாம் நாள் புரட்டிப்போட்டுத் துடைக்கும்போது முதுகின் கீழே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கறுத்திருந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது, அந்தப் புண் ஆற நான்கு மாதம். தினமும் ரவுண்ட்ஸில் எத்தனை மணிக்கு தியேட்டர் என்று கேட்டுக்கொண்டே இருங்கள், கோபப்பட்டால் படட்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சேர்க்கும்போதே காட்டிவிடுங்கள், பிறகு தேடினால் அலைச்சல்.

பிசியோ அக்கா:
ஆபரேஷனுக்கு மறுநாள் வாக்கர் பிடித்து நிற்கவைக்க வருவார்கள், அம்மா வலிக்கிறது என்று அழுவார், நீங்கள் "நாளைக்குப் பார்க்கலாம் மேடம்" என்று எங்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் ஓட்டை போட்ட கமோட் நாற்காலி இன்றைக்கே வாங்குங்கள். குந்துவது, சம்மணம் போடுவது, மணையில் உட்கார்ந்து காய் நறுக்குவது இதெல்லாம் இனிமேல் வேண்டாம், டாக்டர் வேறு மாதிரி சொன்னால் ஒழிய. தலையணையைக் கால்களுக்கு நடுவில் வைத்துத் தூங்கட்டும். அப்புறம் எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மருந்து ஆரம்பிக்கச் சொல்லிக் கேளுங்கள், டிஸ்சார்ஜ் அவசரத்தில் அதுதான் விட்டுப்போகிறது, இடது பக்கமும் அதே எலும்புதானே.

கொளத்தூர்வாசி:
எல்லோருக்கும் நன்றி. எக்கோ முடிந்தது, நாளை காலை முதல் கேஸ் அம்மாதான், சிமென்ட் வைத்த பைபோலார் என்றார். மச்சான் இப்போது கமோட் நாற்காலி வாங்கப் போயிருக்கிறார். அம்மாவுக்கு ஒரே கவலை, வாசலில் யார் கோலம் போடுவது என்று.