விண்டோஸ் 11 போட்ட பிறகு லேப்டாப் ஊர்கிறது, டிஸ்க் எப்போதும் 100%

கடைசிபெஞ்ச்:
இன்டெல் ஐ5-8250யு, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க் (5400 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 5400 சுற்று). விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது. இந்த வாரம் அதன் மேலேயே 11-க்கு அப்கிரேட் செய்தேன், ஃபார்மேட் எதுவும் செய்யவில்லை. இப்போது ஆன் செய்து டெஸ்க்டாப் வந்தாலும் நாலைந்து நிமிடத்துக்கு எதையும் தொட முடியவில்லை. டாஸ்க் மேனேஜரில் சிபியு 15%, மெமரி 5.1 ஜிபி, டிஸ்க் மட்டும் 100%. ஆனால் டிஸ்க் வேகம் என்று காட்டுவது நொடிக்கு வெறும் 2 எம்பி. ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் 900 மில்லிசெகண்ட் வரை போகிறது. ரேம் கூட்டலாமா, பழையபடி 10-க்கே போய்விடலாமா?

சுழல்தட்டு:
இரண்டும் இப்போது வேண்டாம். அந்த 100% என்பது டிஸ்க் எவ்வளவு நேரம் ஓய்வில்லாமல் இருந்தது என்ற கணக்கு. எவ்வளவு டேட்டா போனது என்பதல்ல. 5400 ஆர்பிஎம் என்றால் தட்டு ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட் எடுக்கும். சராசரியாக அரைச் சுற்று காத்திருப்பு, அதோடு தட்டைப் படிக்கும் ஹெட் நகரும் நேரம் ஒரு 12. ஆக ஒரு கோரிக்கைக்கு 17, 18 மில்லிசெகண்ட். நொடிக்கு ஐம்பத்தைந்து தாண்டாது. சின்னச் சின்ன ஃபைல்களாக ஐந்தாறு புரோகிராம் ஒரே நேரத்தில் கேட்டால் 2 எம்பியிலேயே மூச்சு முட்டும். 900 மில்லிசெகண்ட் என்றால் வரிசையில் ஐம்பது கோரிக்கை நிற்கிறது என்று அர்த்தம்.

அல்லது டிஸ்க் சாகப்போகிறது. அதை முதலில் பார்த்துவிடுங்கள். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவை இறக்கி, பழுதான இடங்களை எண்ணும் 05, சி5, சி6 வரிகளின் ரா வேல்யூ பாருங்கள். சி5 பூஜ்யமாக இல்லையென்றால் உடனே முக்கியமான ஃபைல்களை வேறு டிரைவுக்கு எடுங்கள். அதற்கு முன் விண்டோஸின் டிஸ்க் சோதனையான செக்டிஸ்க்கை முழுதாக ஓட்டாதீர்கள், நோஞ்சான் டிஸ்க்கை அது இன்னும் வேலை வாங்கும். டேட்டா போகும் வழியில் வரும் பிழைகளை எண்ணும் சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் கோளாறு பெரும்பாலும் கேபிளில் அல்லது கனெக்டரில்.

டாஸ்க்மேன்:
டிஸ்க் நன்றாக இருந்தால் அடுத்து யார் படிக்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்டார்ட்டில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்து, டிஸ்க் டேபில் டோட்டல் காலத்தைச் சொடுக்கினால் அதிகம் தின்பது மேலே வரும். அப்கிரேட் ஆன புதிதில் மூன்று பேர் கட்டாயம் இருப்பார்கள்: எல்லா ஃபைலையும் மறுபடி பட்டியலிடும் சர்ச் இண்டெக்ஸர், விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் ஸ்கேன், அப்டேட்டை நிறுவும் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர். ஒன்டிரைவ் இருந்தால் அதுவும் சேரும்.

இவை முடிய வேண்டிய வேலைகள். பலர் நடுவில் ஆஃப் செய்து ஆஃப் செய்தே வாரக்கணக்கில் இழுக்கிறார்கள். சார்ஜரைச் செருகி, செட்டிங்ஸில் பவர் பகுதியில் ஸ்லீப்பை நெவர் ஆக்கி, மூடியைத் திறந்தபடி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் ஷட் டவுன் கொடுக்காமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட் டவுனில் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் அப்படியே சேமிக்கப்பட்டுத் திரும்ப வரும், சுத்தமான தொடக்கம் கிடைக்காது. பிறகு டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் ஆப்ஸில் தேவையில்லாததை டிசேபிள் செய்யுங்கள்.

பழைய விண்டோஸ் 10 இருக்கும் விண்டோஸ் ஓல்ட் ஃபோல்டரை அழித்தால் வேகம் கூடும் என்பார்கள். கூடாது. அது இடத்தை அடைக்கும், அவ்வளவுதான். அழித்துவிட்டால் 10-க்குத் திரும்பும் வழியும் போய்விடும். அப்படித் திரும்ப உதவும் கோ பேக் வசதி அப்கிரேட் ஆன பத்து நாளுக்குத்தான் இருக்கும்.

கடைசிபெஞ்ச்:
05, சி5, சி6, சி7 எல்லாம் பூஜ்யம். ராத்திரி முழுக்க விட்டேன். டிஸ்க் இப்போது சும்மா இருக்கும்போது 5%க்குக் கீழே, ஆன் ஆகும்போது மட்டும் 100%. ஆனால் யூடியூப் 1080பி போட்டால் சிபியு 90% போகிறது, பிரைட்னஸ் ஸ்லைடரையும் காணோம். கோர் ஐசொலேஷனை அணைத்தால் சரியாகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

சுழல்தட்டு:
ஸ்லைடர் காணோம் என்றதுமே புரிந்துவிட்டது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் விரித்துப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர் என்று இருந்தால் இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறவில்லை. வீடியோவை முழுக்க சிபியுவே அவிழ்க்கிறது. லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் உங்கள் மாடலுக்கான யுஎச்டி 620 (உங்கள் சிப்பிலுள்ள கிராஃபிக்ஸ்) டிரைவரை எடுத்துப் போடுங்கள். அங்கே இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் போய்த் தேடுங்கள். டிரைவர் அப்டேட்டர் என்ற பெயரில் சுற்றும் சாஃப்ட்வேர் பக்கமே போகாதீர்கள்.

கோர் ஐசொலேஷன் விண்டோஸின் பாதுகாப்பு வசதி, அதைத் தொட வேண்டாம். அதிலுள்ள மெமரி இன்டெக்ரிட்டி பழைய சிப்களில்தான் கனமாக இருக்கும். இன்டெல்லில் 7-ஆம் தலைமுறையிலிருந்து அதற்கான ஆதரவு வன்பொருளிலேயே உண்டு, உங்களுடையது 8.

டாஸ்க்மேன்:
ஆன் ஆகும் நேரத்துக்கு ஒரே மருந்து எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத டிரைவ். ரேமில் இப்போது 5.1தான் போகிறது, அந்தக் காசை இதில் போடுங்கள். உங்கள் மாடலில் எம்.2 ஸ்லாட் (சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) இருக்கிறதா, இருந்தால் அதன் இணைப்பு வகை என்விஎம்இயா சாட்டாவா என்று சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிட்டு வாங்குங்கள். சாட்டா மட்டும் எடுக்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ வேலை செய்யாது. ஸ்லாட்டே இல்லையென்றால் 7 மிமீ தடிமனுள்ள 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி, பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும். 512 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி, டிஸ்க்கில் பயன்படுத்திய இடம் அதற்குள் அடங்கினால் நேரே குளோன் (அப்படியே நகல்) செய்யலாம். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஆனில் இருந்தால் ரெகவரி கீயைக் குறித்துவைத்து, முதலில் டீக்ரிப்ட் செய்து பூட்டை நீக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

10-க்குத் திரும்புவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதன் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வீட்டு உபயோகத்துக்கான நீட்டிப்பில் சேர்ந்தாலும் 2026 அக்டோபர் 13 வரைதான்.

கடைசிபெஞ்ச்:
பேசிக் அடாப்டரேதான். டிரைவர் போட்டதும் யூடியூப் 20%க்கு இறங்கிவிட்டது, ஸ்லைடரும் வந்துவிட்டது. எம்.2 ஸ்லாட் சாட்டா மட்டும் என்று மேனுவலில் போட்டிருக்கிறது. 2.5 இஞ்ச் எஸ்எஸ்டியை விட அதில் வேகம் கூடுமா?

சுழல்தட்டு:
கூடாது. இரண்டுக்கும் உச்சம் நொடிக்கு 550 எம்பி சுமார்தான். எம்.2 போட்டால் பழைய டிஸ்க்கைக் கழற்றாமல் ஃபைல்களுக்கு வைத்துக்கொள்ளலாம், அது ஒன்றுதான் லாபம். குளோன் முடிந்ததும் பயாஸில் பூட் வரிசையில் எஸ்எஸ்டியை முதலில் வையுங்கள். மறந்தால் பழைய டிஸ்க்கிலிருந்தே கிளம்பும்.