குலை நோய்க்கு மருந்தடித்த அனுபவம்: வெள்ளைக் கதிரை உருவிப் பார்க்காமல் விட்டேன்

மன்னார்குடி பக்கம் ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) சம்பா நெல், ஆந்திரா பொன்னி ரகம். கார்த்திகையிலேயே இலையில் கண் வடிவப் புள்ளிகள் வந்தன. இரண்டு முனையும் கூர், நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. பயிர் கருகருவென்று நின்றதால் ‘வெயிலடித்தால் சரியாகிவிடும்’ என்று இருந்துவிட்டேன். போதாததற்கு யூரியாவையும் ஒரு மூட்டை கூடுதலாகப் போட்டேன். நோய்க்கு நானே இலை போட்டுப் பரிமாறிய கதைதான்.

மார்கழிப் பனியில் கதிர் வந்தது. அங்கங்கே வெள்ளைக் கதிர். குருத்துப்பூச்சி என்று நானே முடிவு கட்டி, கடையில் பூச்சிமருந்து வாங்கி அடித்தேன். நாலு நாளில் வெள்ளை இன்னும் பரவியது. பக்கத்து வயல் பெரியப்பா இறங்கி ஒரு கதிரைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. “பூச்சி கடிச்சிருந்தா உருவினதும் கையோட வந்துடும்டா. கழுத்தைப் பாரு.” கதிரின் கழுத்துக் கணுவில் கறுப்பாக ஒரு வளையம். லேசாக வளைத்ததும் அங்கேயே ஒடிந்தது. பூச்சியில்லை, பூசணத்தால் வரும் குலை நோய்.

அன்று சாயங்காலமே டிரைசைக்ளசோல் அடித்தேன். பிரயோஜனமில்லை. பூசணம் பயிருக்குள் நுழையாமல் தடுக்கிற மருந்து அது. கழுத்து கறுத்த கதிரில் அது பாலேற்றாது. மாவுக்குப் பத்து மூட்டை காண்கிற வயலில் நாலுதான் தேறியது. மற்றதெல்லாம் சாவி, பால் பிடிக்காத பதர்.

மறு வருஷம் கதிர் உறைக்குள் இருக்கிற தொண்டைக் கதிர்ப் பருவத்தில் ஒரு தடவை, கதிர் எட்டிப் பார்த்ததும் ஒரு தடவை அடித்தேன். தப்பித்தது. உங்கள் வயலில் எப்படி?

கும்பகோணத்துக்காரன்:
அண்ணே, நான் நேரத்துக்கு அடித்தும் கோட்டை விட்டேன். இதே மருந்து ஏக்கருக்கு 120 கிராம், 200 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. மருந்தடிக்க வந்தவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி. தீப்பெட்டியால் அள்ளிப் போட்டு ஆறே டேங்கில் முடித்துவிட்டார். பாதிப் பயிரில் ஈரமே படவில்லை. இப்போது வாளியில் கரைத்து வைத்துக்கொண்டு நானே வரப்பில் நிற்கிறேன். 16 லிட்டர் டேங்குக்கு 10 கிராம், ஏக்கருக்குப் பன்னிரண்டு டேங்க். முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

லால்குடி அக்கா:
எங்களுக்கு நோயே வேறு தம்பி. இலை நுனியிலிருந்து ஓரமாக அலை அலையாய் மஞ்சளாகி வெளுத்தது. கடையில் இதே மருந்தைத்தான் தந்தார்கள். இரண்டு தடவை அடித்தும் நிற்கவில்லை. அப்புறம் வேளாண் அலுவலரிடம் காட்டினோம். அவர் இலையை நறுக்கி, வெட்டிய பக்கத்தைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முக்கினார். வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி ஒரு இழை இறங்கியது. பாக்டீரியா இலைக்கருகலாம். பூசண மருந்து அதை என்ன செய்யும்? மருந்துக் காசும் கூலியும் தண்டம்.

கும்பகோணத்துக்காரன்:
அக்கா, இந்த டம்ளர் சங்கதி எனக்குப் புதுசு. அண்ணே, கதிர் வந்தபின் எந்த நேரத்தில் அடித்தீர்கள்? எங்கள் ஊரில் காலையில்தான் ஆள் கிடைக்கிறது.

மன்னார்குடி:
காலையில் வேண்டாம் தம்பி, பூ விரிகிற நேரம். நான் மூன்று மணிக்கு மேல்தான் இறங்கினேன். ஆளுக்கு அரைநாள் கூலி சேர்த்துக் கொடுத்தேன், வந்தார்.