பாக்டீரியாவின் கொலாஜன் போன்ற புரதம் காயத்துக்கு உதவுமா?

கேள்வி (ஈரோடு, மாணவி):
வணக்கம். எங்கள் குடும்பம் தோல் பதனிடும் தொழிலில் இருப்பதால், மாட்டின் தோலுக்கு வலுவூட்டும் கொலாஜன் என்ற புரதத்திலிருந்து தீக்காயத்தின் மேல் போர்த்தும் தாள் செய்கிறார்கள் என்பதை அறிவேன். தொண்டைப்புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ் கிருமியின் புரதமும் இதற்கு ஆராயப்படுவதாகப் படித்தேன். அது பாதுகாப்பானதா, ஐயா?

பதில் (கோவை):
அம்மிணி, அந்தக் கிருமியை வளர்ப்பதில்லை. அதன் எஸ்சிஎல்2 என்ற, கொலாஜன் போன்ற புரதத்தின் மரபணுவை மட்டும் ஈ. கோலை பாக்டீரியாவில் வைத்துப் பெருக்குகிறார்கள். நம் கொலாஜனைப் போலவே இதிலும் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற அமினோ அமிலம் வர, மூன்று இழைகள் ஒன்றாக முறுக்கிக்கொள்கின்றன. நம் உடலில் அந்த முறுக்கைத் தாங்கும் ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலம் இதில் இல்லை. ஆயினும் எதிரெதிர் மின்னேற்றமுள்ள அமினோ அமிலங்கள் ஒன்றையொன்று ஈர்ப்பது பெரிதும் துணைநிற்பதால், சுமார் 36 டிகிரி செல்சியஸ் வரை அது குலைவதில்லை. தூய்மைப்படுத்துவதும் அழகான வேலை: அமிலக் கரைசலில் பெப்சின் என்ற செரிமான நொதியைச் சேர்த்தால் மற்றப் புரதங்கள் செரிந்துபோக, முறுக்கு மட்டும் மிஞ்சும். ஈ. கோலையின் செல்சுவரிலிருந்து வரும் நச்சான எண்டோடாக்சினை முழுமையாக நீக்குவதில்தான் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

பதில் (திருப்பூர்):
இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எஸ்சிஎல்2-இல் செல்கள் தாமாக ஒட்டுவதில்லை. இதைக் குறை என்று நான் எண்ணவில்லை. எந்தச் செல் ஒட்ட வேண்டுமோ அதற்கேற்ற வரிசையை மரபணுவிலேயே நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியே காயத்தில் வைத்தால் கரைந்துவிடாதா?

பதில் (கோவை):
கரைந்துவிடும். ஆகவே குளூட்டரால்டிஹைடு போன்ற வேதிப்பொருள்களால் இழைகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பு செய்கிறார்கள். உங்கள் பட்டறையில் தோலைப் பதப்படுத்தும்போதும் கொலாஜன் இழைகள் இப்படித்தான் ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன; பயன்படும் பொருளும் வேதிவினையும் வேறாக இருக்கலாம்.