மாராமண் போய் வந்த பெரியப்பாவும் மே மாதக் கன்வென்ஷனும்

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள்

சாலமோன் சித்தப்பா: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நம்ம சபைச் சேகரக் கமிட்டி கூடுகிறது. மே மாதக் கன்வென்ஷன் கூட்டத்தில் பிரசங்கம் பண்ண யாரைக் கூப்பிடலாம்? பேர் சொல்கிறவர்கள் இன்றைக்கே சொல்லுங்கள்.

கிறிஸ்டி: போன வாரம் லிங்க் போட்டேனே, அந்தப் பிரதர். வாலிபர்கள் கண்டிப்பாக வருவார்கள்.

ராணி சித்தி: எந்த லிங்க்? தினமும் பத்து வருகிறது.

சாலமோன் சித்தப்பா: விசாரித்தேன். பாட்டுக்குழு, கீபோர்டு, லைட் எல்லாம் சேர்த்துத்தான் வருவாராம். அசன விருந்துக்கு ஒதுக்கின பணம் அதற்கே போய்விடும்.

ஜெபா அண்ணன்: அசனத்தில் கை வைக்காதீங்க 🙏

ராணி சித்தி: 🙏🙏

ஆசீர் பெரியப்பா: தம்பி சாலமோன், நானும் பொன்மணியும் கேரளாவில் மாராமண் கன்வென்ஷன் போய்விட்டு நேற்று ராத்திரிதான் வந்தோம். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், பொறுமையாக வாசிக்கவும். கோழஞ்சேரிப் பாலத்துக்குப் பக்கத்தில் பம்பை ஆற்று மணலிலேயே ஓலைப் பந்தல். சுற்றுவட்டாரச் சபைக்காரர்களே வந்து ஓலை மேய்கிறார்கள். ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறு வரை எட்டு நாள். மார்த்தோமா சபைக்காரர்கள் 1895 மார்ச்சில் ஆரம்பித்தது. அந்த முதல் கூட்டத்தில் பேசினவர்கள் யார் தெரியுமா? தமிழ் டேவிட் என்று அங்கே இன்றைக்கும் பேர் சொல்கிற டேவிட் ஒருவர், இலங்கையிலிருந்து வந்த வேர்ட்ஸ்வொர்த் இன்னொருவர். அதற்கப்புறம் நம்ம திருநெல்வேலி சிஎம்எஸ் மிஷனெரி வாக்கர் ஐயர் போய்ப் பேசியிருக்கிறார். டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மாவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த அதே வாக்கர்.

ஜெபா அண்ணன்: பண்ணைவிளையில் இருந்தாரே, அவரா?

ஆசீர் பெரியப்பா: அவரேதான்.

கிறிஸ்டி: பெரியப்பா, கொஞ்சம் சுருக்கமா.

பொன்மணி அத்தை: அவர் சுருக்க மாட்டார். ரயிலில் செங்கன்னூர் வரை இதையேதான் கேட்டுக்கொண்டு போனேன்.

ஆசீர் பெரியப்பா: சாது சுந்தர் சிங் பேசின மேடை அது. அமெரிக்க மிஷனெரி ஸ்டான்லி ஜோன்ஸ் வருஷக்கணக்கில் வந்து பேசியிருக்கிறார். மைக் இல்லாத காலத்தில் பந்தலுக்குள் அங்கங்கே ஆட்கள் உயரமாக நின்று பேச்சாளர் சொன்னதைப் பின்னால் இருக்கிறவர்களுக்கு உரக்கச் சொல்வார்களாம். இன்னொன்று, அதே பம்பை மணலில் கொஞ்சம் தள்ளி செறுகோல்புழையில் இந்துமத மாநாடும் பிப்ரவரியில்தான் நடக்கிறது.

ராணி சித்தி: சிப்ஸ் வாங்கினீங்களா மயினி?

பொன்மணி அத்தை: வாங்கினேன். உனக்குத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

சாலமோன் சித்தப்பா: அண்ணன், யாரைக் கூப்பிடணும், அதைச் சொல்லுங்க.

ஆசீர் பெரியப்பா: அதற்குத்தான் வருகிறேன். அங்கே வெளிநாட்டுக்காரர் ஒருவர் பேச, இன்னொருவர் மலையாளத்தில் மொழிபெயர்த்தார். அவர் ஒரு வரி சொன்னால் இவரும் ஒரு வரிதான். நம் ஊரில் மொழிபெயர்க்கிறவர் தனியாக ஒரு பிரசங்கம் பண்ணிவிடுகிறார். அப்புறம், எந்தப் பேச்சாளரும் கத்தவில்லை. அவ்வளவு பெரிய கூட்டம் அமைதியாக உட்கார்ந்து கேட்டது. ஜனங்கள் அசையாமல் இருப்பார்களா என்று யாரும் பயப்படவில்லை. நாம் அந்தப் பயத்தில்தான் கீபோர்டைத் தேடுகிறோம்.

கிறிஸ்டி: கத்தினால் தப்பா? தீர்க்கதரிசிகள் கத்தவில்லையா?

ஜெபா அண்ணன்: கேள்வி நியாயம்.

ஆசீர் பெரியப்பா: கத்தலாம், கிறிஸ்டி. சொல்வதற்கு ஒன்று இருந்து கத்தணும்.

பொன்மணி அத்தை: நான் ஒன்று சொல்கிறேன். ஒரு காலைக் கூட்டத்தில் ஒருவர் யோனா நாலாம் அதிகாரம் எடுத்தார். யோனாவை விழுங்கின மீனைப் பற்றிப் பேச்சே இல்லை. தேவன் மன்னித்து நினிவே பட்டணம் பிழைத்துவிட்டதே என்று யோனா கோபத்தோடு உட்கார்ந்திருக்கிறான், ஆமணக்குச் செடி பட்டுப்போனதற்கும் கோபப்படுகிறான், அந்த இடத்தை விட்டு அவர் கடைசி வரை நகரவில்லை. நீ கோபப்படுகிறது நல்லதோ என்று தேவன் இரண்டு தரம் கேட்கிறார் இல்லையா? கடைசிக் கேள்விக்கு யோனா பதில் சொன்னதாக வேதத்தில் எழுதவே இல்லை. அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மலையாளம் பாதிதான் புரிந்தது, மீதியைப் பைபிளைத் திறந்து வைத்துப் பிடித்துக்கொண்டேன். எனக்கு நம்ம கிணற்றுத் தகராறுதான் ஞாபகம் வந்தது.

சாலமோன் சித்தப்பா: அக்கா, கிணறு இங்கே வேண்டாம்.

பொன்மணி அத்தை: உன்னை மட்டும் சொல்லவில்லை சாலமோன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனையும்தான் நினைத்தேன்.

ஜெபா அண்ணன்: 🙏

ராணி சித்தி: வீட்டு ஹார்மோனியத்தையும் யாரும் எடுக்காதீங்க. சாமி அறையில் இருக்கட்டும் என்று மாமாவே சொன்னது.

கிறிஸ்டி: சாமி அறையா? ஜெப அறை சித்தி.

ராணி சித்தி: எங்கள் தெருப் பழக்கம். வந்துவிட்டது.

ஆசீர் பெரியப்பா: நான் சொல்ல வந்தது, மெஞ்ஞானபுரம் பக்கம் ரிட்டயர் ஆகி இருக்கிறாரே நம்ம பழைய குருவானவர் ஐயர், அவரைக் கூப்பிடுவோம். ஒரு வேதபகுதியை எடுத்தால் மூன்று நாளும் அதிலேயே நிற்பார்.

கிறிஸ்டி: பெரியப்பா, அவர் பேசினால் பசங்க டீக்கடையில் நிற்பார்கள். உண்மையைச் சொல்கிறேன்.

ஜெபா அண்ணன்: இரண்டு ராத்திரி ஐயர், ஒரு ராத்திரி வாலிபர்களுக்கு வேறு ஒருவர்?

பொன்மணி அத்தை: அந்த ஒரு ராத்திரிக்குப் பெண் பேச்சாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள். மாராமண்ணில் ரொம்ப காலம் இராத்திரிக் கூட்டத்துக்குப் பெண்களை விடாமல் இருந்தார்கள். கல்யாணமான புதிதில் நான் போனபோது பொழுது சாய்கிறதற்குள் எங்களைக் கிளப்பிவிட்டார்கள். இப்போது அந்தக் கூட்டத்தையே முன்னேரத்துக்குக் கொண்டுவந்து எல்லாரையும் உட்கார வைக்கிறார்கள். இந்தத் தடவை நானும் இருந்து கேட்டேன். நம் ஊரில் பாய் விரிக்கிறதும் பாத்திரம் கழுவுகிறதும் பெண்கள், மேடையில் ஒரு நாளாவது நிற்க வேண்டாமா?

ராணி சித்தி: ஆமென்.

கிறிஸ்டி: அத்தை 👏 இதற்கு நான் சரி. பெண் ஐயர் ஒருவர் வாலிபர் முகாமில் பேசினார், நம்பர் வாங்கித் தருகிறேன்.

சாலமோன் சித்தப்பா: கமிட்டியில் வைக்கிறேன்.

ராணி சித்தி: போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க.

சாலமோன் சித்தப்பா: வைக்கிறேன் என்கிறேனே. நான் ஒருத்தன் மட்டும் முடிவு பண்ண முடியாது. அண்ணன், ஐயர் நம்பர் இருக்கா?

ஆசீர் பெரியப்பா: போனில் அவருக்குச் சரியாகக் கேட்காது. நேரில்தான் பேசணும். நாளைக் காலை எட்டு மணி பஸ்ஸில் போகலாம் என்று இருக்கிறேன்.

ஜெபா அண்ணன்: சித்தப்பாவும் கூடப் போகலாமே. கமிட்டி ஆள் நேரில் போனால் மரியாதை.

சாலமோன் சித்தப்பா: நாளைக்கு உரம் வருகிறது. பார்க்கலாம்.

பொன்மணி அத்தை: உரம் சாயங்காலம்தானே வரும்?

ராணி சித்தி: சாயங்காலம்தான் மயினி.

சாலமோன் சித்தப்பா: பார்க்கலாம் என்றேன்.

கிறிஸ்டி: அடுத்த பிப்ரவரிக்கு வேன் போட்டால் நானும் மாராமண் வருகிறேன். பெரியப்பா பக்கத்து சீட் மட்டும் வேண்டாம் 😄

ஆசீர் பெரியப்பா: வேன் விஷயமாக விரிவாக எழுதுகிறேன்.