பொட்டு, பிரசாதம், சாதிச் சான்றிதழ்: பெங்களூருவில் தமிழ்க் கிறிஸ்தவரைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகள்

லிங்கராஜபுரம் வாசகி:

இங்கே அலுவலகங்களில் நம் பெண்களிடம் ஓயாமல் வரும் கேள்வி: "பொட்டு வச்சிருக்கீங்க, தாலியும் இருக்கு, அப்புறம் எப்படி கிறிஸ்டியன்?" கேட்பவர் மனதில் இருப்பது சினிமாவில் பார்த்த கவுன் போட்ட பெண். தமிழ் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பங்களில் பொட்டும் பூவும் பட்டுச்சேலையும் சாதாரணம். தாலியில் சிலுவையோ புறாவோ பொறித்திருக்கும். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டண்ட் பிரிவு) சபைகளிலும் தாலி கட்டுவது உண்டு. பொட்டு மட்டும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் நகை, பூ, பொட்டு எதுவும் கிடையாது. இந்த மூன்று பேரையும் ஒரே ஆளாக நினைத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 தேர். அந்த நாட்களில் காவி உடுத்தி நேர்ச்சை இருப்பவர்களைப் பார்த்து, வேறு ஏதோ கோயிலுக்கு மாலை போட்டவர்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. விவரம் தெரிந்ததும் "எங்களைப் பார்த்து எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். யாரிடமும் எடுக்கவில்லை. 1809-ல் கன்டோன்மென்ட் (பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்பு) உருவான பிறகு பட்டாளத்தோடும் வேலை தேடியும் இங்கே வந்து சேர்ந்த தமிழர்களின் பிள்ளைகள் நாம். தேரும் காவியும் விரதமும் நம் மண்ணின் வழக்கம், அதை ஏன் விடவேண்டும்?

அல்சூர்க்காரர்:

அக்கா சொன்ன அதே வேறுபாடு ஆயுத பூஜை அன்றும் தெரியும். பிரசாதத்தை ஆர்.சி. நண்பர் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார். பெந்தெகொஸ்தே நண்பர் வாங்க மாட்டார். சிஎஸ்ஐ என்றால் ஆளைப் பொறுத்தது. படைத்ததை உண்ணலாமா என்பது பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8-ஆம் அதிகாரத்திலேயே விவாதிக்கப்பட்ட விஷயம். மறுப்பவர் சக ஊழியரை அவமதிக்கவில்லை, தன் மனச்சாட்சிக்குப் பயப்படுகிறார். அலுவலகக் குழுத் தலைவர்கள் செய்யக்கூடியது எளிது. பூஜைக்கு முன்பே கொஞ்சம் இனிப்பைத் தனியே எடுத்துவைத்து, அது படைக்காதது என்று சொல்லிக் கொடுங்கள். எல்லார் முன்னாலும் "ஏன் சாப்பிடல?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலம் இன்னொன்று. அது சாம்பல் புதனில் தொடங்குகிறது. 2026-ல் சாம்பல் புதன் பிப்ரவரி 18, ஈஸ்டர் ஏப்ரல் 5. இடையிலுள்ள ஞாயிறுகளைக் கழித்தால் 40 நாள். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் கத்தோலிக்கரில் 18 முதல் 59 வயதுவரை உள்ளவர்களுக்கு ஒரே முழுச் சாப்பாடுதான், மற்ற இரண்டு வேளை கொஞ்சமாக. 14 வயது நிறைந்தவர்களுக்கு அன்று இறைச்சியும் இல்லை. குழு விருந்தை அந்தப் புதனில் வைத்துவிட்டு, "நீங்க எல்லாம் சாப்பிடுவீங்களே" என்று பிரியாணித் தட்டை நீட்டுவது அடிக்கடி நடக்கிறது. பெரிய வெள்ளி விடுமுறை என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்திய வியாழன் மாலை பாதம் கழுவும் திருப்பலி (வழிபாடு) இருப்பது பலருக்குத் தெரியாது. மென்பொருள் வெளியீட்டு வேலையைச் சரியாக அந்த மாலையில் வைத்துவிடுகிறார்கள். நாட்காட்டியில் சாம்பல் புதனையும் இந்த வியாழனையும் ஜனவரியிலேயே குறித்து மேலாளரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

கே.ஜி.எஃப். தம்பி:

எனக்கு மிகவும் வலிப்பது, "உங்களுக்குத்தான் எல்லா சலுகையும்" என்ற பேச்சு. உண்மை நேர்மாறானது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி எஸ்சி தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும். 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் இன்றும் வெளியே. சென்னையில் தெருவோரம் செருப்பு தைத்த சூசை என்பவர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை என்று 1985-ல் மனு தள்ளுபடியானது. தலித்துகளுக்குத் தனிக் கல்லறையும் தனி வரிசையும் தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் இருந்ததை அறிந்தவர்களுக்குத் தீர்ப்பின் அந்த வாசகம் எப்படி இருக்கும்! இதை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஆணையம் அமைத்ததே 2022-ல்தான்.

நடைமுறையில் தெரிந்துகொள்ள வேண்டியவை: தலித் கிறிஸ்தவருக்குத் தமிழ்நாட்டில் கிடைப்பது பிசி (பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ். கர்நாடகத்தின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் அவர்கள் பிரிவு 1, மற்ற கிறிஸ்தவர்கள் 3பி. பழங்குடியினருக்கு மதம் தடையில்லை. இங்கே பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது, ஊரில் வாங்கிய பிசி சான்றிதழைக் கர்நாடக அரசுக் கல்லூரிச் சேர்க்கைக்குக் கொண்டுபோவது. மாநில இடஒதுக்கீடு மாநிலம் தாண்டாது, விண்ணப்பம் பொதுப் பிரிவுக்குப் போய்விடும். மத்திய அரசு வேலைக்கும் கல்விக்கும் வேண்டியது மத்திய ஓபிசி படிவம். அதைச் சொந்த மாவட்டத்தில் வாங்க வேண்டும், கிரீமி லேயர் (வசதி படைத்தோர்) வருமானத்தைப் பார்ப்பார்கள். எந்தப் பட்டியலிலும் வராத கிறிஸ்தவக் குடும்பத்தின் வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குக் கீழே, சொத்து வரம்புக்குள்ளும் இருந்தால் மத்திய அரசில் பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்கான 10 சதவீதத்தில் விண்ணப்பிக்கலாம். இது நம்மவர்களுக்கே தெரிவதில்லை.

ஃப்ரேசர் டவுன் ஆசிரியை:

தம்பி எழுதியதோடு இரண்டு சேர்க்கிறேன். ஒன்று, "பேரு செந்தில்னு இருக்கு, எப்ப மாறினீங்க?" தமிழ்ப் பெயர் வைப்பது மதமாற்றத்தின் அடையாளம் அல்ல. நான்கைந்து தலைமுறையாகக் கிறிஸ்தவர்களான வீடுகளில் அருளும் செல்வியும் ஞானமும் உண்டு. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை 200 ஆண்டுகளாகக் கர்நாடக ராகத்தில் பாடி வருகிறோம். 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் குமரி மண்ணைச் சேர்ந்தவர், 1752-ல் கொல்லப்பட்டவர். "வெளிநாட்டு மதம்" என்பவரிடம் சண்டை வேண்டாம், இந்த ஆண்டுகளைச் சொன்னாலே போதும்.

இரண்டாவது, "ரகசியமா வெளிநாட்டுப் பணம் வருது" என்ற பேச்சு. சாதாரண சபை ஓடுவது ஞாயிறு காணிக்கையிலும் சிஎஸ்ஐயில் சந்தாவிலும் அறுப்பின் பண்டிகை ஏலத்திலும்தான். சந்தா பாக்கி வைத்தால் சபைத் தேர்தலில் வாக்குரிமை போய்விடும், அவ்வளவு கறாராக வசூலிக்கிறார்கள். வெளிநாட்டுப் பணம் பெறும் அமைப்பு உள்துறை அமைச்சகத்தில் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்குக்கு மட்டுமே வரலாம், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இவ்வளவு கண்காணிப்பில் உள்ள ஒன்றை ரகசியம் என்கிறார்கள்.

அல்சூர்க்காரர்:

டீச்சர், ஒன்று விட்டுப்போச்சு. சக ஊழியர் கல்யாணத்துக்குக் கத்தோலிக்கக் கோயிலுக்கு வரும் நண்பர்கள் நன்மை (திருப்பலியில் தரும் அப்பம்) வாங்கும் வரிசையில் நின்றுவிடுகிறார்கள், பிரசாதம் என்று நினைத்து. சிலர் வீட்டுக்கு எடுத்துப்போகச் சட்டைப்பையில் வைத்துவிடுவதும் நடக்கிறது. கத்தோலிக்கருக்கு அது இயேசுவின் உடல், அங்கேயே உட்கொள்ள வேண்டியது. அதனால்தான் பணியாளர் பதறி ஓடி வருகிறார், விரட்டுவதற்காக அல்ல. அழைப்பிதழ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: எல்லாரும் எழுந்து போகும்போது நீங்கள் பெஞ்சிலேயே உட்காரலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.